டிக்கியில் ஜிஎல்எக்ஸ், ஆர்சியில் ஜிஎல்: கான்டெஸாவோடு நாலரை வருடம்

என் கான்டெஸா கிளாசிக் காரின் டிக்கி மூடியில் ஜிஎல்எக்ஸ் என்று மூன்று எழுத்து இருக்கிறது. ஆர்சியில் இரண்டே எழுத்து, ஜிஎல். எக்ஸ் இருந்தால் மேல்படி வண்டி, இல்லாவிட்டால் ஒரு படி கீழே. வாங்கி ஒன்றரை வருடம் கழித்துத்தான் இது எனக்குத் தெரிந்தது, அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1997 வண்டி, 2022 செப்டம்பரில் பதிவைப் புதுப்பிக்க வேலூர் ஆர்டிஓ ஆபீசுக்குக் கொண்டுபோயிருந்தேன். அந்த ஏப்ரலில்தான் பழைய காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கியிருந்தார்கள், என் நேரம். பானட்டைத் திறந்து சேஸிஸ் நம்பர் மேல் டேப்பை ஒட்டிப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்த ஏஜென்ட் பையன் நிமிர்ந்து, கையிலிருந்த ஆர்சியையும் வண்டியின் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், இதுல எக்ஸ் இல்லையே" என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். இல்லைதான்.

வாங்கும்போது எஞ்சின் நம்பர் பார்த்தேன், டாக்ஸ் பார்த்தேன், கதவுக்குக் கீழே துரு இருக்கிறதா என்று மண்டி போட்டுத் தட்டிப் பார்த்தேன். மாடல் பெயர் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும் படிக்கவில்லை. குடியாத்தத்தில் ஒரு வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றிருந்தது. தார்ப்பாயை விலக்கினதும் என் கண் நேராகப் போனது அந்த எக்ஸ் மேல்தான். விலையே 20,000 ரூபாய் கூட்டித்தான் பேசினார்கள், "ஜிஎல்எக்ஸ் சார், சும்மா இல்ல" என்று. 2,35,000க்கு முடித்தேன்.

ஒரு எழுத்துக்கு இந்த மனுஷன் ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். மாருதி வாங்கப் போனால் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று இன்றைக்கும் எழுத்தைக் காட்டித்தானே விலை சொல்கிறார்கள். ஆனால் என் வியாதி அதைவிடப் பழையது. அது வந்த கதையைச் சொல்லாமல் வண்டியைப் பற்றிச் சொன்னால் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கும்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஃபினிஷிங் பிரிவில் 32 வருடம் வேலை பார்த்தவன். 1988இல் எங்கள் முதலாளி ஒரு வெள்ளைக் கான்டெஸா வாங்கினார். அதுவரை ஷாப்பு வாசலில் நின்றதெல்லாம் அம்பாசடரும் ஃபியட்டும்தான். கான்டெஸா வந்து நின்ற அன்று ஊறல் தொட்டியில் நின்றவர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். அந்த நீளமான மூக்கும், சப்பையான கூரையும், நான்கு ஹெட்லைட்டும் அன்றைக்கு எங்களுக்கு வெளிநாட்டு வண்டி மாதிரி. உண்மையில் வெளிநாட்டு வண்டியேதான். இங்கிலாந்தின் வாக்ஸால் கம்பெனி 1972இல் இருந்து விக்டர் என்றும், பிறகு விஎக்ஸ் என்றும் விற்ற குடும்பக் கார் அது. 1978இல் அங்கே அதை முடித்துக்கொண்டார்கள். அச்சையும் டையையும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிக் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் வைத்து 1984இல் கான்டெஸா என்று இறக்கியது. அங்கே மேஸ்திரியும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஓட்டித் தேய்த்த வண்டி, இங்கே முதலாளி வண்டி. முதலில் உள்ளே போட்டது அம்பாசடரின் அதே 1,489 சிசி எஞ்சின். அவ்வளவு பெரிய உடம்பை அது இழுத்ததைப் பார்த்தால் ரெட்டை மாட்டு பாரத்தை ஒற்றை மாட்டில் பூட்டின மாதிரி இருக்கும். பிறகுதான் ஜப்பான் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியரும் வந்து, கிளாசிக் என்று பெயர் வைத்தார்கள்.

அந்த வெள்ளை வண்டியில் நான் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். ஏதோ சாம்பிள் அவசரம், முதலாளி வாலாஜாவில் இருந்தார், கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். பின்கதவைத் திறந்ததும் டிரைவர் அண்ணன் முன்சீட்டில் இருந்த தினத்தந்தியை எடுத்து நீட்டினார். "தம்பி, பேப்பர் போட்டு உட்காரு." தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சுண்ணாம்பும் குரோமும் உடம்பிலும் உடுப்பிலும் ஏறிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் போகாது. அவர் சொன்னதில் தப்பே இல்லை, அந்த சீட்டைத் துடைப்பவர் அவர்தான். பேப்பரை விரித்து அதன்மேல் உட்கார்ந்து வாலாஜா வரை போனேன். சீட் துணியைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தது நினைவிருக்கிறது. பேப்பர் நகர்ந்துவிடாமல் தொடையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்ததும்தான்.

சரி, எழுத்துக்கு வருகிறேன். 1994இல் ஷாப்பு சார்பில் என்னை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள், நார்த்தாம்ப்டனுக்கு. ஷூ தைக்கிற ஊர் அது, நம் ஆம்பூர் மாதிரி. உள்ளூர் ஃபுட்பால் டீமுக்கே செருப்புத் தைப்பவர்கள் என்றுதான் செல்லப்பெயர். எங்கள் தோலை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒருவர் தினம் காலையில் என்னை அழைத்துப்போக வருவார், ஏழெட்டு வருடப் பழைய ஆஸ்டின் மான்டெகோவில். ஒருநாள் கம்பெனி கார் நிறுத்தும் இடத்தில் இறங்கினதும் அங்கே நின்ற வண்டிகளைக் காட்டி எனக்குப் பாடம் எடுத்தார். தன் வண்டி எல். மேனேஜருடையது அதே மான்டெகோ, ஆனால் ஹெச்எல். அதற்கு மேல் ஹெச்எல்எஸ். உச்சியில் வாண்டன் பிளாஸ், உள்ளே மரப்பட்டை பதித்தது. தகரமெல்லாம் ஒரே தகரம். யார் எந்தப் பதவி என்று தெரிய ஆளைப் பார்க்க வேண்டாம், டிக்கியைப் பார்த்தால் போதும். பதவி உயர்வு வந்தவன் சம்பளத்துக்கு முன்னால் எழுத்தைத்தான் கேட்பான் என்று சிரித்தார்.

இந்த விளையாட்டை அங்கே பெரிதாக ஆடியது ஃபோர்டு கார்ட்டினா. 1970இல் வந்த மூன்றாவது மார்க்கில், அதாவது மூன்றாவது தலைமுறையில், வெறும் வண்டி, எல், எக்ஸ்எல், ஜிடி, ஜிஎக்ஸ்எல் என்று ஐந்து படி. அடுத்த மார்க்கில் உச்சிப்படிக்கு கியா என்று பெயர். கொரியாக் கியா இல்லை, இத்தாலியில் டூரின் நகரத்தில் கார் உடம்பு கட்டிய ஒரு பழைய பட்டறையின் பெயர், அந்தப் பட்டறையையே ஃபோர்டு வாங்கிப் பெயரைக் குடும்பக் காரின் பின்பக்கத்தில் ஒட்டியது. வாண்டன் பிளாஸ் கதையும் இதேதான், அது பெல்ஜியத்தில் பிறந்த பட்டறை. இதற்கும் முந்தி 1960களில் இன்னும் வேடிக்கை. ஒரே சின்ன 1100 காரை ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, ரைலி, வூல்ஸ்லி, வாண்டன் பிளாஸ் என்று ஆறு பெயரில் விற்றார்கள், முன்பக்கச் சல்லடையும் உள் அலங்காரமும்தான் மாறும். வூல்ஸ்லி என்றால் சல்லடையில் இருக்கும் பேட்ஜுக்குள் ஒரு குட்டி பல்பு, ராத்திரியில் அது எரிந்தபடி வரும். ஒரு பல்புக்காகக் காசு கொடுத்திருக்கிறார்கள், நான் ஒரு எக்ஸுக்காகக் கொடுத்த மாதிரி.

ஆனால் எனக்கு மறக்காமல் நின்றது உச்சிப்படி வண்டி இல்லை, அடிப்படி வண்டி. அந்த மனிதரின் எல் வண்டியில் டேஷ்போர்டில் இரண்டு மூன்று இடத்தில் வெறும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருந்தது. மேல்படியில் ஸ்விட்ச் வரும் இடம், கடிகாரம் வரும் இடம். உனக்கு இது இல்லை என்று தினம் காலையில் முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டே இருக்கும் மூடி. அவர் பேசும்போது ஒரு மூடியைக் கட்டைவிரலால் சும்மா அமுக்கிக்கொண்டே இருப்பார்.

நம் ஊரில் கதை வேறு. அம்பாசடர் என்றால் மோரிஸ் ஆக்ஸ்போர்டு, இங்கிலாந்தில் 1950களின் குடும்பக் கார். நம்மிடம் மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா என்று வருடத்தைப் பொறுத்துப் பெயர் மாறுமே தவிர, ஒரே சமயத்தில் ஐந்து படி வைத்து விற்கும் நிலைமை இல்லை. பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவனிடம் போய் எல் வேண்டுமா, எக்ஸ்எல் வேண்டுமா என்று யார் கேட்பது. சென்னைக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படித்தான். டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது, ஆனால் நான்கு கதவு போட்டது நம் ஆட்கள் மட்டும். என் சின்ன வயதில் எங்கள் தெரு டாக்டர் ஒன்று வைத்திருந்தார். மூக்கு முழுவதையும் முன்னால் கவிழ்த்துத் திறப்பதைப் பார்க்கவே பையன்கள் கூடுவோம், முதலை வாயைப் பிளக்கிற மாதிரி.

கம்பெனி படி வைக்காததால் படியை நாமே வைத்துக்கொண்டோம். ஜன்னலுக்குத் திரை போட்டால் ஒரு படி. பின்சீட்டு முதுகில் வெள்ளை டர்க்கி டவல் விரித்தால் அது கலெக்டர் ஆபீஸ் படி. டேஷ்போர்டில் சின்ன ஃபேன், கியர் தடியின் தலையில் உள்ளே பூ வைத்த கண்ணாடிக் குமிழ், பம்பரில் கூடுதல் லைட், ஹாரனில் மாட்டுக்குட்டி கத்தும் சத்தம். இதெல்லாம் உத்தர்பாராவில் வந்ததில்லை. வேலூர் சீட் கடையிலும் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளிலும் வந்தது. ரேடியோ வைக்கிற ஓட்டையை மூட என் அப்பாவின் சிநேகிதர் தன் அம்பாசடரில் ரத்தினகிரி முருகன் படத்தை வெட்டி ஒட்டியிருந்தார். நார்த்தாம்ப்டன் மூடியைப் பார்த்தபோது அந்த முருகன்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்.

இப்போது வண்டி.

ஓட்ட எப்படி என்று கேட்டால், ஹைவேயில் சுகம், ஊருக்குள் தண்டனை. காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி கிரீன் சர்க்கிள் வருவதற்குள் இடது கால் கெஞ்சிவிடும். லாங் பஜார் பக்கம் கொண்டுபோகவே போகாதீர்கள். நான் ஒருமுறை கொண்டுபோனேன், இந்த நீளத்தைத் திருப்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்வர, மண்டி வண்டிக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து வழிகாட்ட வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு திசை காட்டினார்கள். ஆனால் சத்துவாச்சாரி தாண்டி நாற்கரச் சாலையில் ஏற்றி, ஐந்தாம் கியரில் 75, 80 என்று விட்டால் அது பாட்டுக்குப் போகும். பின்சக்கரம் தள்ளுகிற வண்டி, கனமும் உண்டு, பக்கத்தில் லாரி தாண்டினால் இன்றைய சின்னக் கார் மாதிரி ஆடாது. பின்சீட்டில் கால் நீட்ட இருக்கும் இடத்தைப் பற்றி என் மனைவி சொன்னதையே எழுதிவிடுகிறேன். "என்னங்க, நம்ம ஹால்ல சோபா போட்ட இடம்கூட இவ்ளோ இல்ல."

மலைதான் சோதனை. போன வருடம் மே மாதம் பேரன் பேத்தியோடு ஏலகிரி கிளம்பினோம். பள்ளிகொண்டா டோல், ஆம்பூரில் பிரியாணி, வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரி, எல்லாம் ஏசியோடு சுகமாகத்தான் போனது. மலையில் பதினான்கு வளைவு. வளைவுக்கு வளைவு புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டாம் கியரிலேயே ஏறியதில் சூட்டு முள் மெல்ல மெல்ல மேலே போக, ஏசியை அணைத்தேன், ஹீட்டரைப் போட்டேன் (எஞ்சின் சூட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும், பழைய வண்டிக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை), மே மாத வெயிலில் ஹீட்டர் போட்ட தாத்தாவைப் பேரன் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. பாரி பெயர் வைத்த வளைவு வந்தபோது முள் சிவப்பைத் தொட்டது, ஓரம் கட்டிவிட்டேன். முல்லைக்குத் தேரைக் கொடுத்தவர் பெயரில் என் தேரும் ஒரு செடி ஓரமாக நின்றது. முக்கால் மணி நேரம். தவறு என்னுடையதுதான், ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் பாய் ஜனவரியிலேயே சொல்லியிருந்தார். பிறகு பார்த்தோம், அதன்பின் இரண்டு முறை ஏறியாயிற்று, முள் பாதிக்கு மேல் போகவில்லை.

மைலேஜ் ஊருக்குள் 7, ஹைவேயில் 10 கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். இப்போது பங்க்கில் வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது. கார்புரேட்டருக்குப் போகும் குழாய் ஒன்று உள்ளே பிசுபிசுவென்று ஊறி வெடிப்பு விட்டு, நான் பெட்ரோல் வாசனை பிடித்துக் கண்டுபிடித்தேன். தோல் ஷாப்பு மூக்கு, சும்மா போகாது. எல்லாக் குழாயையும் புது வகை ரப்பருக்கு மாற்றினேன், மொத்தமே 1,800 ரூபாய்தான். வாங்குபவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள், தீப்பிடிக்கிற சமாச்சாரம். இசுசு எஞ்சின் பாகம் தேடினால் கிடைக்கிறது. கண்ணாடி, பின்லைட், கதவு ரப்பர், இந்த மாதிரி உடம்புப் பாகங்கள்தான் பாடாய்ப் படுத்தும். உற்பத்தி நின்றது 2002இல். இடதுபக்கப் பின்லைட் ஒன்றுக்காக நான் புதுப்பேட்டைக்கு மூன்று ரயில் பயணம் போயிருக்கிறேன். மூன்றாவது பயணத்தில் கிடைத்தது, ஒரு மூலை உடைந்தது, பேரம் பேசவே மனசு வரவில்லை.

டிங்கரிங் பற்றி ஒரு வார்த்தை. மெரூன் பெயின்டுக்குக் கீழே பள்ளத்தை நிரப்பிய பட்டி எவ்வளவு இருக்கிறது என்று ஃப்ரிட்ஜ் காந்தத்தை ஒரு துணியில் சுற்றி ஓட்டிப் பாருங்கள். என் வண்டியில் வலது பின்கதவின் கீழ்ப்பாதியில் காந்தம் பொத்தென்று விழுந்தது. அதற்கு 15,000 குறைத்தார்கள். அந்தக் காந்தத்தை எக்ஸ் மேல் வைத்திருந்தாலாவது அது பிளாஸ்டிக் என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இனி நான் மனம்விட்டு எழுத வேண்டியது சீட்டைப் பற்றி. பழைய துணி சீட் பஞ்சு வெளியே தள்ளி நின்றது. நல்ல தோலிலேயே தைத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஒரு தோல்காரன் வண்டியில் ரெக்சின் என்றால் ஊர் சிரிக்காதா. ரெக்சின் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அதுவே மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் செய்த சரக்கின் வியாபாரப் பெயர்தான், அங்கத்திய மலிவு வண்டிகளின் சீட் அது. மேல்படி என்றால் தோல். ரோல்ஸ் ராய்ஸுக்கும் ஜாகுவாருக்கும் கானொலி என்ற கம்பெனி தோல் கொடுத்தது, 2002இல் அதுவும் போய்ச் சேர்ந்தது. நார்த்தாம்ப்டனில் ஒரு பழைய ஜாகுவாரின் கதவைத் திறக்கச் சொல்லி மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறேன். தோலும் மெழுகும் பழைய மரமும் கலந்த அந்த வாசனைக்குத்தான் அவர்கள் ஊரில் பாதிக் கிழவர்கள் ஏங்குகிறார்கள் என்பது என் கணிப்பு.

அந்த மாதம் மகள் பிரசவம், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். சீட் வேலையை மாப்பிள்ளையிடம் விட்டேன். அவர் ஊரில் ஒரு கடையில் கொடுத்தார், எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. "ஒரிஜினல் தோல், கேரன்டி" என்று 46,000 வாங்கினார்கள். வண்டி வந்தது, உட்கார்ந்தேன், தையல் அருமை, கோடு கோடாக நூல் பிடித்த மாதிரி. கையை வைத்துத் தடவினேன். கொஞ்சம் வழுக்கல் அதிகம், சரி புதுசு என்று விட்டேன். இரண்டு நாள் கழித்துக் காலை வெயில் சாய்வாகச் சீட்டில் விழுந்தபோதுதான் பார்த்தேன். ஓரத்தில் ஒரு நரம்புத் தடம், வேப்பிலை காம்பு மாதிரி இரண்டாகப் பிரிந்தது. அழகாக இருந்தது. ஒரு முழம் தள்ளி அதே நரம்பு, அதே பிரிவு. இன்னொரு முழம் தள்ளி இன்னொன்று. எந்த மாட்டுக்கும் முழத்துக்கு ஒரு தடவை ஒரே நரம்பு ஓடாது. எம்பாசிங் பிளேட், அதாவது தோலில் அச்சுப் பதிக்கும் தகடு, திரும்பத் திரும்ப விழுந்த இடம் அது. அடியில் ஸ்ப்ளிட் (தோலை இரண்டாகப் பிளந்ததில் கீழ்ப்பாதி), மேலே பியு என்ற பிளாஸ்டிக் பூச்சு, அதன்மேல் மாட்டுத்தோல் முகம் ஒன்றை அச்சடித்தது. சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது, அடியில் இருப்பது தோலின் ஒரு பாதிதான். இந்த வேலையை 32 வருடம் நானே செய்திருக்கிறேன், ஷூ கம்பெனிகளுக்கு லோடு லோடாக அனுப்பியிருக்கிறேன். என் வித்தையை எனக்கே விற்றிருக்கிறார்கள். கேட்கப் போனேன். கடைக்காரர் சாவகாசமாக, "தோல் இல்லன்னு சொல்லுங்க பார்க்கலாம் சார்" என்றார். பதில் சொல்ல முடியாமல் டீ குடித்துவிட்டு வந்தேன். நீங்கள் தைக்கக் கொடுத்தால் வெட்டும் முன்னால் தோலை விரித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள், அப்புறம் ஒரே தடம் திரும்ப வருகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தை இழுத்தும் பாருங்கள், பூச்சு தனியாக விலகினால் தெரிந்துவிடும்.

முதலாளி வீட்டுக்கு ஒருநாள் கொண்டுபோனேன். 80 தாண்டிவிட்டார், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, டிக்கியில் நின்று எழுத்தைப் படித்தார். "ஜிஎல்எக்ஸா? என்னுதுல இந்த எழுத்தெல்லாம் இல்லையேப்பா, சாதா வண்டிதான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் இத்தனை வருடம் மனதில் வைத்துப் பூசித்த வெள்ளைக் கான்டெஸா, அம்பாசடர் எஞ்சின் போட்ட வெறும் வண்டி. ஏசிகூட வெளிக்கடையில் போட்டதுதானாம். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார், கையால் தடவினார். "தோலா?" என்றார். அவரும் தோல்காரர். பதில் சொல்லாமல் நின்றேன். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் சீட்டைச் சாய்வாகப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான், ஒன்றும் கேட்கவில்லை. கிருஷ்ணா ஸ்வீட்ஸ் பெட்டியை நீட்டினேன், ஆற்காடு மக்கன் பேடா வாங்கி வந்திருக்கலாமே என்று கோபித்துக்கொண்டார்.

யார் வாங்கலாம்? தினம் ஆபீஸ் போக வண்டி வேண்டும் என்பவர் கிட்டே போகாதீர்கள். வீட்டில் இன்னொரு வண்டி இருக்க வேண்டும், இருபது அடி நிழல் வேண்டும், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் வேண்டும், மாதம் சராசரி 3,000 ரூபாயைக் கணக்குப் பார்க்காமல் விட மனம் வேண்டும். வேலூர் வெயிலில் நிழல் முக்கியம், டேஷ்போர்டு பிளந்துவிடும், என்னுடையது பிளந்திருக்கிறது, மேலே ஒரு வெல்வெட் துணி போட்டு மூடியிருக்கிறேன். நம் ஊர்ப் படி. 1.5 எஞ்சின் வண்டி மலிவாக வந்தால் ஆசைப்படாதீர்கள், 1.8 இசுசுவாகப் பாருங்கள். எழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், ஆர்சியைப் படியுங்கள். நான் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பின்சீட்டுக்கு மட்டும் தனியாக ஐந்து, அதுவும் இடத்துக்கு, தோலுக்கு இல்லை.

எக்ஸை எடுத்துவிடலாம் என்று ஆர்டிஓ ஆபீசிலிருந்து வந்த அன்றே ஸ்க்ரூடிரைவரோடு டிக்கிப் பக்கம் போனேன். பழைய சொந்தக்காரர் புதுப்பேட்டையில் தேடி வாங்கி, நான்காக மடித்த ஸ்டிக்கர் டேப்பை அடியில் வைத்து, மற்ற இரண்டு எழுத்தோடு கோடு பிசகாமல் ஒட்டியிருக்கிறார். டவல் போட்டவர், முருகன் ஒட்டினவர் ஜாதி. நான் நெம்பவில்லை. போன வாரம் வண்டி கழுவும்போது பார்த்தேன், எக்ஸின் ஒரு கால் பெயர்ந்து தூக்கிக்கொண்டிருந்தது. துடைத்து, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டு, நூறு எண்ணும் வரை கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தேன்.